ஜீப்பின் ஃப்ளேர் விளிம்பை வீட்டிலேயே அளந்து வெட்டும் முறை

டயரை ஓர் அளவு பெரிதாக்கிய ஜீப் தோட்டப் பாதையில் ஏறத் தொடங்கியதும் முதலில் சத்தம் போடுவது, சக்கர வளைவின் மேல் கம்பனி பொருத்தி அனுப்பியிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் விளிம்புதான். அப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்னைப் பக்கமோ, மஸ்கெலியாவிலிருந்து மேல் டிவிசன்களுக்கோ ஏறும் பாதைகளில் வளைவுகள் அடுத்தடுத்து வரும். ஸ்டீயரிங் முழுவதும் திரும்பியிருக்கும் நிலையில் ஒரு பக்கச் சக்கரம் கானுக்குள் இறங்க, மறுபக்கச் சக்கரம் மட்கார்டுக்குள் மேலேறி அந்த விளிம்பில் உரசும். சத்தத்தைக் கேட்டதும் சிலர் விளிம்பை முழுதாகக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்; வேறு சிலர் கிரைண்டரை எடுத்துக் கண்மதிப்பில் வெட்டிவிடுகிறார்கள். இரண்டுமே தேவையற்ற இழப்பு. ஃப்ளேர் என்று நாம் சொல்லும் இந்த விளிம்பை, எந்த இடத்தில் எவ்வளவு உரசுகிறதோ அந்த இடத்தில் அவ்வளவு மட்டும் வெட்டி, மிச்சத்தை உறுதியாக நிற்கச் செய்வது வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடிய வேலை. ஜிக்சோ எனும் சிறு மின்வாள் ஒன்று, ஒரு டிரில், நல்ல அரம் ஆகியவை இருந்தால் போதும். நேரத்தில் பாதிக்கு மேல் அளப்பதற்கே போகும்.

வெட்டுவதற்கு முன், இந்த விளிம்பு எதற்காக அங்கே இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சுழலும் டயர் சேற்றையும் சிறு கல்லையும் மேலே வாரி இறைக்கிறது. டயரின் முழு அகலத்துக்கும் மேலே ஒரு மூடி இருந்தால்தான் அது கீழே விழும். நம்முடைய தோட்டப் பாதைகளில் நடைபாதை என்று தனியே ஒன்று கிடையாது. கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்து வரும் பெண்களும், வெள்ளைச் சீருடையில் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளும் வண்டி போகும் அதே பாதையின் ஓரத்தில்தான் ஒதுங்கி நிற்கிறார்கள். ஆகவே விளிம்பை வெட்டிய பிறகும் டயரின் தரையில் படும் பகுதி மேலிருந்து பார்க்கும்போது வெளியே தெரியக் கூடாது என்பதை முதல் வரம்பாகக் கொள்ளுங்கள். வாகனத்தின் அமைப்பு தொடர்பான ஒழுங்குவிதிகள் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் இருக்கின்றன; உங்கள் வண்டியில் செய்ய நினைக்கும் மாற்றத்தை மாவட்ட மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு தடவை சொல்லிக் கேட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குவது பின்னால் வரும் தொல்லையைத் தவிர்க்கும்.

எவ்வளவு வெட்ட வேண்டியிருக்கும் என்பதைக் கணக்குப் போட்டு ஓரளவுக்கு முன்கூட்டியே அறியலாம். இப்போது ஓடும் சுசுகி ஜிம்னியான ஜேபி74 ஐ எடுத்துக்கொள்வோம். கம்பனி போட்டு அனுப்பும் 195/80 ஆர் 15 டயரின் விட்டம் 693 மில்லிமீற்றர். பலரும் விரும்பிப் போடும் 235/75 ஆர் 15 டயரின் விட்டம் ஏறத்தாழ 733 மில்லிமீற்றர். அதாவது சக்கரத்தின் நடுவிலிருந்து டயரின் வெளிப்பரப்பு வரை 20 மில்லிமீற்றர் கூடுகிறது. அகலமும் 40 மில்லிமீற்றர் கூடுகிறது. இடைப்பட்ட 215/75 ஆர் 15 இல் ஆரம் 5 மில்லிமீற்றர்தான் கூடுவதால் பெரும்பாலும் எதையும் வெட்டாமலே அது பொருந்திவிடும். தோட்டத்துக்கும் டவுனுக்கும் இடையில் ஓடும் வண்டிக்கு அந்த அளவே போதும் என்பது என் கருத்து. ஆழமான சக்கரத் தடங்களில் அடிக்கடி இறங்கி ஏற வேண்டியவர்களுக்கு மட்டுமே அதற்கு மேலான அளவு உண்மையில் பயன்படுகிறது. அதே ஜிம்னியின் ஜப்பானிய உள்நாட்டு வடிவமான ஜேபி64 இல் இந்த விளிம்பே இல்லை. அதன் அகலம் 1475 மில்லிமீற்றர், ஜேபி74 இன் அகலம் 1645 மில்லிமீற்றர். நடு உடல் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், வெளியே தள்ளி நிற்கும் சக்கரங்களை மூடுவதற்காகவே அந்த விளிம்பு சேர்க்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கும். அதை முழுதாகக் கழற்றிவிட்டால் டயரின் பெரும் பகுதி திறந்த வெளியில்தான் நிற்கும்.

டயர் உரசுவதற்கு டயரின் அளவு மட்டும் காரணமாக இருப்பதில்லை. ரிம்மை மாற்றும்போது சக்கரம் வெளியே தள்ளிப் போயிருந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது டயர் இன்னும் பெரிய வட்டத்தில் சுழன்று முன் பஃபரின் ஓரத்திலும் விளிம்பின் கீழ்முனையிலும் படும். சக்கரத்தை வெளியே தள்ள ரிம்முக்குப் பின்னால் வைக்கும் ஸ்பேசர் தட்டைப் போட்டிருந்தாலும் இதே கதைதான். வண்டியை உயர்த்தியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜிம்னி, பழைய லேண்ட் ரோவர் டிஃபென்டர் போன்று முழு அச்சு உள்ள, அதாவது இரண்டு பக்கச் சக்கரங்களும் ஒரே அச்சில் நிற்கும் வண்டிகளில், முன் அச்சைப் பக்கவாட்டில் பிடித்து வைத்திருப்பது பான்ஹார்ட் ராட் என்ற ஒற்றைக் கம்பி. வண்டியை உயர்த்தினால் அந்தக் கம்பியின் சாய்வு மாறி, அச்சு முழுவதும் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். அப்போது ஒரு பக்க டயர் விளிம்பை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மறுபக்க டயர் உள்ளே போயிருக்கும். கூரையோரத்திலிருந்து ஒரு தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் அளந்தால் இது உடனே தெரிந்துவிடும். அப்படியிருந்தால் முதலில் சரிசெய்ய வேண்டியது அந்தக் கம்பியை; நகர்ந்து நிற்கும் அச்சுக்கு ஏற்ப விளிம்பை வெட்டினால், பிறகு அச்சை நேராக்கும்போது வெட்டு தவறான இடத்தில் இருக்கும்.

உரசும் இடத்தைக் கண்டுபிடித்தல்

சமதரையில் நிற்கும் வண்டியைப் பார்த்து எதையும் முடிவு செய்ய இயலாது. சக்கரம் எவ்வளவு மேலேறும் என்பதை வண்டியைக் குறுக்காக முறுக்கித்தான் அறிய வேண்டும். விளிம்பின் உள்ளோரம் முழுவதும், பஃபரின் ஓரத்திலும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மூடியிலும் வெள்ளைச் சோக்கைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக் காயவிடுங்கள். பிறகு முன் இடப்பக்கச் சக்கரத்தையும் பின் வலப்பக்கச் சக்கரத்தையும் ஒரே நேரத்தில் உயரமான மரக்கட்டைகள் மீதோ உறுதியான கல்லடுக்கின் மீதோ மெதுவாக ஏற்றுங்கள். ரயில் பாதையில் போடும் சிலிப்பர்க் கட்டை போன்ற கனத்த மரம் இதற்கு மிகவும் பொருத்தமானது. இந்த நிலையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, லோ கியரில் கால் அடி முன்னும் பின்னும் நகர்த்தி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் இறுதி வரை திருப்ப வேண்டும். பின்னோக்கி நகரும்போது அச்சு சிறிது இடம் மாறுவதால், முன்னோக்கிப் போகும்போது படாத இடத்தில் அப்போது டயர் படுவதுண்டு. அதனால் இரண்டு திசையையும் சோதிப்பது அவசியம். பிறகு மறுகுறுக்கு நிலையில், முன் வலமும் பின் இடமும் உயர்ந்திருக்க, அனைத்தையும் மறுபடி செய்யுங்கள்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஸ்டீயரிங்கில் இருக்க, மற்றவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். வெளியே நிற்பவர் எக்காரணம் கொண்டும் சரிவின் கீழ்ப்பக்கத்தில் நிற்கக் கூடாது. விளிம்புக்கும் டயருக்கும் இடையில் கை வைக்கக் கூடாது. தரையில் நிற்கும் இரண்டு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். அதற்கும் டயருக்கும் இடையில் வண்டி நகர வேண்டிய அந்தக் கால் அடி இடம் மட்டும் இருக்கட்டும். லயத்து முற்றங்களும் வீட்டு வாசல்களும் மலையில் பெரும்பாலும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே இருப்பதால், இந்தச் சோதனைக்குப் பழைய பிரட்டுக்களம் போன்ற அகலமான மட்டத்தரை கிடைத்தால் அங்கே போய்விடுவது மேல்.

வண்டியை இறக்கிய பின் சோக்குப் பூச்சு எங்கெங்கே அழிந்திருக்கிறது என்று பாருங்கள். முன் சக்கரங்களில் அழிவு பெரும்பாலும் விளிம்பின் இரண்டு கீழ்முனைகளிலும் இருக்கும். உச்சியில் அரிதாகவே இருக்கும். முழு அச்சு உள்ள வண்டியில் ஒரு சக்கரம் மேலேறும்போது அதன் தலைப்பகுதி உட்பக்கமாகச் சாய்வதால், டயர் விளிம்பின் உச்சிக்குள் நுழைந்து கொள்கிறது. வண்டி உயர்த்தப்பட்டிருந்தால் முன் அச்சு சற்றே பின்னோக்கி இழுக்கப்படுவதால் பின்பக்கக் கீழ்முனையில் உரசல் கூடுதலாக இருக்கும். இடமும் வலமும் ஒரே மாதிரி அழிந்திருக்காது. அதற்காக இரண்டு பக்கத்தையும் வெவ்வேறு அளவில் வெட்டத் தேவையில்லை. எந்தப் பக்கம் கூடுதலாக உரசியிருக்கிறதோ அந்த அளவை இரண்டு பக்கத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். அழிந்த இடத்துக்கு மேல் இரண்டு விரல் நுழையும் அளவு, அதாவது 30 மில்லிமீற்றர் வரை, இடைவெளி விடுங்கள். நமது செம்மண் சேறு மழைக்காலத்தில் டயரின் பள்ளங்களில் அப்பி டயரையே பருக்கச் செய்யும் என்பதால் இந்த இடைவெளியைக் குறைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தக் கட்டத்தில், பிளாஸ்டிக்கை வெட்டிய பிறகும் டயர் மட்கார்டின் தகரத்தில் படும் என்று தெரியவந்தால் வேலையை நிறுத்திவிடுங்கள். சக்கர வளைவின் ஓரம் இரண்டு தகரங்களை மடித்து ஒட்டவைத்த இடம். அதை வெட்டினால் இரண்டு தகரங்களுக்கும் நடுவே வாய் திறந்து, அதன் வழியே தண்ணீர் உள்ளே போய்த் துரு ஊறும். மீண்டும் வெல்ட் வைத்து மூடித் தரக்கூடிய டிங்கரிங் வேலைக்காரரிடம் போக வேண்டிய வேலை அது.

கழற்றுதல்

விளிம்பை வண்டியில் இருக்கும்போதே வெட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பெயின்ட் கீறுப்படும் என்பதைவிட, பின்னால் ஒளிந்திருக்கும் துருவைப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும் என்பதே அதற்கு எதிரான பெரிய காரணம். ஆகவே கழற்றியே வெட்ட வேண்டும்.

பெரும்பாலான வண்டிகளில் விளிம்பு, சக்கர வளைவின் உள்ளோரத்தில் சில திருகுகளாலும், உடலோடு ஒட்டும் பக்கத்தில் பிளாஸ்டிக் கிளிப்புகளாலும் பிடிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் இருபக்கப் பசை நாடாவும் இருக்கும். சில வண்டிகளில் விளிம்பிலேயே சிறிய விளக்கு பொருத்தப்பட்டிருக்கும். அதன் வயர் இணைப்பை முதலில் கழற்றிவிட வேண்டும். துருப்பிடித்த திருகுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் மறுநாள் தலை சிதையாமல் வரும். கிளிப்புகள் இருக்கும் இடத்தில் இரும்பு ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் பெயின்ட் உடனே பெயர்ந்துவிடும். சீவிய மூங்கில் ஆப்போ, துணி சுற்றிய மரப்பட்டையோ கொண்டு கிளிப்புக்கு மிக அருகில் நெம்புங்கள்.

காலையில் வேலையைத் தொடங்காதீர்கள். இந்த விளிம்புகள் பெரும்பாலும் பொலிப்ரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. குளிர் பூச்சியப் பாகையை நெருங்கும்போது அது தன் வளைந்து கொடுக்கும் தன்மையை இழக்கிறது. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில விடியல்களில் புல்லின் மேல் உறைபனி படிகிறது. அந்த நேரத்தில் நெம்பினால் கிளிப்பு மட்டுமல்ல, கிளிப்பைத் தாங்கும் காதும் சேர்ந்து உடையும். வெயில் ஏறி விளிம்பு கைக்குச் சூடாகத் தெரியும்வரை பொறுத்திருங்கள். மூட்டமான நாளாக இருந்தால் வெந்நீரில் நனைத்த சாக்கை அதன்மேல் சில நிமிடங்கள் போட்டு வைத்துக் கழற்றலாம். எப்படிக் கழற்றினாலும் சில கிளிப்புகள் உடையத்தான் செய்யும். ஆகவே புதிய கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய விளிம்பைத் திருப்பிப் பார்த்தால், உட்புறத்தில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே சில ஆங்கில எழுத்துகள் அச்சில் பதிந்திருக்கும். பிபி என்று தொடங்கினால் அது பொலிப்ரொப்பிலீன். ஏபிஎஸ் என்றிருந்தால் வேறு வகை. பிபி வகை 160 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் உருகிவிடும், சாதாரண பெயின்டும் பசையும் அதில் ஒட்டாது. ஏபிஎஸ் வகையில் பெயின்ட் ஒட்டும், ஆனால் எளிதில் வெடிப்பு விடும். கீழே சொல்லும் வெட்டும் முறை இரண்டுக்கும் பொருந்தும்.

வண்டியோடு வந்த நல்ல விளிம்பை வெட்ட மனம் வராதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் உள்ள பழைய உதிரிப்பாகக் கடைகளில் கீறல் விழுந்த பழைய விளிம்புகளைத் தேடிப் பார்க்கலாம். அவற்றை வாங்கி வெட்டிப் பொருத்திவிட்டு, வண்டியோடு வந்தவற்றைத் துணியில் சுற்றி எடுத்து வைக்கலாம். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து 2025 இல் மீண்டும் திறக்கப்பட்டது வரை நம் நாட்டில் பழைய வண்டிகளின் விலை எப்படி ஏறியது என்பதைப் பார்த்தவர்களுக்கு, கம்பனிப் பாகங்களைப் பத்திரப்படுத்துவதன் பயனைச் சொல்ல வேண்டியதில்லை.

விளிம்புக்குப் பின்னால்

இந்த வேலையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது வெட்டை அல்ல, இந்தப் பகுதியைத்தான். விளிம்பைக் கழற்றியதும் தகரத்தில் ஒரு சேற்றுப் பட்டை தெரியும். அதில் உலர்ந்த தேயிலைத் துணுக்குகளும் புல்வேர்களும் மணலும் சேர்ந்து கட்டியாகியிருக்கும். விரலால் கிள்ளிப் பார்த்தால், வெயிலில் நின்ற வண்டியில்கூட அதன் அடிப்புறம் ஈரமாகவே இருக்கும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்களைப் போல நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஓடும் வண்டியில் இந்த ஈரம் ஆண்டில் பெரும்பகுதி காய்வதே இல்லை. கிளிப்பு நுழையும் ஒவ்வோர் ஓட்டையின் ஓரத்திலும் பிளாஸ்டிக் உராய்ந்து பெயின்டைத் தேய்த்திருக்கும். துரு அங்கிருந்துதான் புறப்படுகிறது. மேற்பரப்பில் ஒரு சிறு கொப்புளமாகத் தெரிவது, அடியில் பல மடங்கு அகலத்துக்குப் பரவியிருப்பதுண்டு.

முதலில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி மென்மையான பிரஷால் கழுவி, ஒரு நாள் முழுவதும் காயவிட வேண்டும். துரு தெரியும் இடங்களைக் கம்பி பிரஷாலும் 80 இலக்க அரத்தாளாலும் மினுமினுப்பான இரும்பு தெரியும்வரை தேய்த்து, தேய்க்க எட்டாத குழிகளில் துருவை மாற்றும் திரவத்தைப் பூசி, பொதியில் சொல்லியிருக்கும் நேரம் வரை விடுங்கள். அதன் பிறகு துத்தநாகம் கலந்த பிரைமர், அதற்கு மேல் வண்டியின் நிறப் பெயின்ட், இரண்டும் நன்கு காய்ந்த பின் ஓட்டைகளின் உட்புறத்தில் மெழுகு வகைத் துருத் தடுப்பு என்ற வரிசையில் போக வேண்டும். தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவுகளை நனைப்பதால் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தவர்கள் பெப்ரவரி, மார்ச் மாதங்களிலும், ஆண்டின் இறுதியில் மழை பெறும் பதுளை, பண்டாரவளைப் பக்கத்தவர்கள் ஜூன், ஜூலை மாதங்களிலும் இந்த வேலையை வைத்துக்கொண்டால் பெயின்ட் காய நேரம் கிடைக்கும். ஈரக்காற்றில் அடித்த பிரைமர் வெளியே காய்ந்தது போலத் தோன்றி உள்ளே ஈரத்தை அடைத்து வைத்துக்கொள்ளும்.

டிஃபென்டரும் அதற்கு முந்தைய லேண்ட் ரோவர்களும் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. அவற்றின் மட்கார்ட் தகரம் அலுமினியம். விளிம்பைப் பிடிக்க இரும்புத் திருகு போட்டால் இரண்டு உலோகமும் ஈரத்தில் சேர்ந்து அலுமினியம் வெண்பொடியாக அரித்துப் போகும். எவர்சில்வர் திருகைப் பயன்படுத்தி, திருகுக்கும் தகரத்துக்கும் நடுவில் நைலோன் வாஷர் போட்டால் அந்த அரிப்பு வெகுவாகக் குறையும்.

கோடு போடுதல்

வெட்டுக்கோட்டைத் தரையிலிருந்து அளக்காதீர்கள். தரை மட்டமாக இருந்தாலும் ஸ்பிரிங்குகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. விளிம்பின் மேலோரத்திலிருந்தோ கிளிப்பு ஓட்டைகளின் நடுவிலிருந்தோ அளப்பதே நம்பகமானது. ஒரு விளிம்பின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு வரிசையாக ஒட்டி, சோக்கு காட்டிய உரசல் இடங்களை அதில் குறித்துக்கொண்டு, அவற்றை இணைக்கும் வளைவை பென்சிலால் மென்மையாக வரையுங்கள். பல விளிம்புகளில் அச்சிலேயே வார்த்த ஒரு படியோ மெல்லிய வரம்போ ஓடும். வெட்டு அதை ஒட்டிப் போகும்படி அமைந்தால், வெட்டியது என்றே யாருக்கும் தோன்றாது. அதற்காக இரண்டு மூன்று மில்லிமீற்றரைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்வதில் தவறில்லை.

இங்கே இரண்டு எல்லைகள் இருக்கின்றன. கிளிப்பு ஓட்டைக்கும் வெட்டுக்கும் இடையில் குறைந்தது 25 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் காது கிழியும். மற்றது, விளிம்பின் வெளியோரத்தில் உள்நோக்கி மடிந்திருக்கும் சிறு மடிப்பு. விளிம்பு விறைப்பாக நிற்பதே அந்த மடிப்பால்தான். உரசும் இடத்தில் மடிப்பை எடுத்தே ஆக வேண்டியிருந்தால் எடுங்கள், ஆனால் முழு நீளத்துக்கும் எடுத்துவிட்டால் வேகமாகப் போகும்போது விளிம்பு படபடவென்று அடிக்கும். அப்படி எடுக்க நேர்ந்த நீளத்துக்கு உட்புறத்தில் 2 மில்லிமீற்றர் கனமுள்ள அலுமினியப் பட்டையை வளைத்து ரிவெட் அடித்துக் கொடுக்கலாம்.

ஒரு பக்கக் கோடு திருப்தியானதும் அதைத் தடித்த அட்டையில் பிரதி எடுத்து வெட்டி, அந்த அட்டையைக் கவிழ்த்து மறுபக்க விளிம்பில் வைத்துக் கோடு போடுங்கள். கிளிப்பு ஓட்டைகளின் இடத்தையும் அட்டையில் குத்தி வைத்தால், அட்டை எங்கே உட்கார வேண்டும் என்பதில் குழப்பம் வராது. வண்டியின் முகத்தை நேரே நின்று பார்ப்பவர்களின் கண் முதலில் பிடிப்பது இரண்டு பக்கத்துக்கும் உள்ள ஏற்றத்தாழ்வைத்தான். எனவே கோடு போட்ட இரண்டு விளிம்புகளையும் வெட்டுமுன் ஒருமுறை வண்டியில் தற்காலிகமாகப் பொருத்தி, சற்றுத் தூரம் தள்ளி நின்று பாருங்கள்.

வெட்டுதல்

கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்து, விளிம்பைச் சாக்கு விரித்த மேசையில் கவிழ்த்து வைத்து, வெட்டும் இடத்துக்கு இரண்டு பக்கமும் மரப்பட்டை கொடுத்து கிளாம்ப்பால் இறுக்குங்கள். கருவியைப் பொறுத்தவரை ஜிக்சோதான் என் தேர்வு. ஓர் அங்குலத்துக்கு 10 முதல் 14 பற்கள் உள்ள பிளேடைப் போட்டு, வேகத்தைக் குறைந்த நிலையில் வைத்து, தள்ளாமல் அதன் போக்கில் விட வேண்டும். வேகம் கூடினால் பிளேடு சூடாகிப் பிளாஸ்டிக் உருகி, வெட்டிய வாய் பின்னாலேயே மீண்டும் ஒட்டிக்கொள்ளும். கிரைண்டரில் மெல்லிய கட்டிங் டிஸ்க் போட்டு வெட்டும்போது இதுவே மோசமாக நடக்கும், உருகிய துளிகள் தோலில் தெறிக்கவும் செய்யும். ஜிக்சோ இல்லாதவர்கள் ஹெக்ஸோ பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக் கையால் அறுக்கலாம். நேரம் எடுக்கும், வெட்டு மிகவும் சுத்தமாக வரும். தகரம் வெட்டும் கத்தரியைத் தவிர்த்துவிடுங்கள். அது நசுக்கி வெட்டுவதால் ஓரம் முழுவதும் வெளுத்து, அந்த வெளுத்த இடத்திலிருந்து பின்னர் வெடிப்பு ஓடும்.

வெடிப்பைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெட்டுக்கோடு திசை மாறும் உள்மூலை எதுவும் கூராக இருக்கக் கூடாது. ஒவ்வோர் உள்மூலையிலும் முதலில் 8 மில்லிமீற்றர் டிரில்லால் ஓர் ஓட்டை போட்டு, வெட்டு அந்த ஓட்டையில் வந்து முடியும்படி அறுங்கள். கூர்மூலையில் விசை முழுவதும் ஒரே புள்ளியில் குவிவதால், குண்டுங்குழியுமான பாதையில் சில வாரம் ஓடியதும் அங்கிருந்து ஒரு மயிரிழைக் கீறல் கிளம்பி கிளிப்பு ஓட்டை வரை போய்விடும். வட்ட ஓட்டையின் சுற்றளவில் அந்த விசை பரவிவிடுகிறது.

கோட்டின் மேலேயே அறுக்காமல், வெட்டிப் போகும் பக்கத்தில் 2 அல்லது 3 மில்லிமீற்றர் தள்ளி அறுத்து, மிச்சத்தை அரத்தால் கோடு வரை கொண்டு வாருங்கள். வெட்டு முடியும் இடத்தில் துண்டைத் தொங்கவிடாமல் மற்றவர் ஒருவர் கையால் தாங்க வேண்டும். இல்லையென்றால் கடைசி ஓர் அங்குலம் அறுபடாமல் கிழிந்து வரும். வெட்டி எடுத்த துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். அடுத்த கட்டத்தில் சூடு காட்டிப் பார்க்கவும் பெயின்ட் அடித்துப் பார்க்கவும் அவை வேண்டும்.

ஓரத்தைச் செம்மை செய்தல்

அரம் முடிந்த ஓரத்தில் மெல்லிய நூல் போன்ற பிசிறுகள் நிற்கும். கூரான கத்தியின் அலகை ஓரத்துக்குச் செங்குத்தாகப் பிடித்து, கரட் தோலைச் சுரண்டுவது போல நீளவாக்கில் இழுத்தால் அவை சுருளாக வந்துவிடும். பிறகு மரக்கட்டையில் சுற்றிய 120, 240, 400 இலக்க அரத்தாள்களால் வரிசையாகத் தேய்த்து, கைவிரலை ஓட்டிப் பார்க்கும்போது கூர் தட்டாத அளவுக்கு இரு ஓரத்தையும் உருட்டிவிடுங்கள். தேய்த்த இடம் சாம்பல் நிறமாகத் தெரியும். ஹீட் கன்னை ஓர் அடி தூரத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காட்டினால் கறுப்பு மீண்டு வரும். முதலில் வெட்டிய துண்டில் இதைப் பழகிக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒரே இடத்தில் சில விநாடி கூடுதலாக நின்றால் பளபளப்பான ஒரு வழுக்கல் தடம் விழும், அதைத் திருத்த வழி கிடையாது. பெயின்ட் அடிக்கத்தான் வேண்டுமென்றால் பிபி வகைக்கு அதற்கென உள்ள பிளாஸ்டிக் பிரைமரை முதலில் அடிக்க வேண்டும்.

இதைவிட எளிய, நீண்ட நாள் நிற்கும் வழி, உள்ளே தகர எலும்பு வைத்த யு வடிவ ரப்பர் பீடிங்கை வெட்டிய ஓரத்தில் மாட்டிவிடுவது. கதவோரங்களுக்கு மாட்டுவதற்காகவே அது விற்கப்படுகிறது. வெட்டில் உள்ள சிறு நெளிவுகளையும் அது மறைத்துவிடும், ஓரத்துக்கு விறைப்பும் தரும். வாங்குமுன் விளிம்பின் கனத்தை அளந்து கொண்டு போங்கள். தளர்வான பீடிங் முதல் புதரிலேயே பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

மீண்டும் பொருத்துதல்

தகரத்தைத் தொடும் பக்கம் முழுவதும் மெல்லிய ரப்பர் நாடாவை ஒட்டுங்கள். பெயின்டைத் தேய்ப்பதைத் தடுப்பது அதுதான். ஆனால் அடிப்பக்கத்தில் இரண்டு இடத்தில் விரலகலத்துக்கு இடைவெளி விட்டுவிட வேண்டும்; உள்ளே போகும் தண்ணீர் வெளியே வர அந்த வழி தேவை. வெட்டியதனால் பயனற்றுப் போன கிளிப்பு ஓட்டைகளைத் தகரத்தில் திறந்தபடி விடாமல் ரப்பர் அடைப்பான் வைத்து மூடுங்கள்.

திருகுகளை முதலில் எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, விளிம்பு தன் இடத்தில் உட்கார்ந்த பின் நடுவிலிருந்து ஓரங்களுக்கு இறுக்கிப் போக வேண்டும். இந்தப் பிளாஸ்டிக் தகரத்தைவிடப் பல மடங்கு விரியக்கூடியது; நுவரெலியாக் குளிரில் பொருத்திய ஒரு மீற்றர் நீள விளிம்பு, உடவளவை வெயிலில் நிற்கும்போது 2 மில்லிமீற்றர் வரை நீளலாம். நடு ஓட்டையைத் தவிர மற்றத் திருகு ஓட்டைகளை நீள்வட்டமாக அரத்தால் சிறிது விரித்து, அகலமான வாஷர் போட்டு, வாஷர் கையால் திருப்ப முடியாத அளவுக்கு மட்டும் இறுக்கினால் அது நெளியாது. அழுத்தமாக இறுக்குவது உறுதி தரும் என்ற எண்ணம் பிளாஸ்டிக்கில் பொய்த்துவிடும்.

நான்கும் பொருத்தியாகிவிட்டால் மறுபடி சோக்குப் பூசி, முன்பு செய்த அதே குறுக்குச் சோதனையை இரண்டு நிலையிலும் செய்யுங்கள். இம்முறை எங்காவது அழிந்திருந்தால், அந்த விளிம்பைக் கழற்றி அந்த இடத்தை மட்டும் அரத்தால் இன்னும் சிறிது எடுங்கள். பிறகு ஈரமான பாதையில் சிறிது தூரம் ஓட்டிவிட்டுக் கதவுகளின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். சேறு கதவுக் கைப்பிடி உயரம் வரை தெறித்திருந்தால், டயருக்குப் பின்னால் ரப்பர் சேற்றுத்தடுப்பு ஒன்றைத் தொங்கவிடுவது அவசியம். நான்கு சக்கரத்துக்கும் அதைப் போட்டுவிடும்படியே நான் சொல்வேன். முதல் பெரு மழைக்குப் பிறகு ஒவ்வொரு விளிம்புக்கும் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள். மண் சேர்ந்திருந்தால் அடிப்பக்க இடைவெளி அடைபட்டிருக்கிறது, அதைக் குத்தித் திறங்கள். ஏதாவது ஒரு கிளிப்பு தளர்ந்து அசைந்தால் அதை அன்றே மாற்றிவிடுங்கள், ஏனெனில் அது விட்டுப்போனால் பக்கத்திலுள்ள இரண்டும் அந்தச் சுமையை எடுத்துக்கொண்டு அடுத்தடுத்து உடையும்.